ரோதை முனிக்குப் புராணம் இல்லை

நமது அசுரர்களுக்குக் குலமும் கோத்திரமும் உண்டு. சூரபன்மன் காசிபரின் மகன். இராவணன் புலத்தியரின் பேரன். தவம் செய்து வரம் பெற்று, வரம்பு மீறி, கடவுளின் கையாலேயே முடிவை எய்துவார்கள். சூரன் சேவலும் மயிலுமாக முருகனிடமே சேர்ந்துவிட்டான். இராவணனுக்குப் புலவர் குழந்தை 1946இல் தனிக் காவியமே பாடினார். 1948இல் அரசு அதைத் தடை செய்யவும் செய்தது. ஆகவே புராணத்து அரக்கர்களுக்காக நான் வழக்காட வேண்டியதில்லை.

கவலையெல்லாம் ரோதை முனியைப் பற்றித்தான்.

நாவலப்பிட்டி உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 'ரோதை' என்பது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். சக்கரம் என்று பொருள். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தில் குடியிருக்கும் முனி அது. காவு கொடுக்காவிட்டால் கையையோ உயிரையோ எடுத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஊரிலிருந்து வந்தவர்கள் மாடனையும் முனியாண்டியையும் காட்டேரியையும் கூடவே அழைத்து வந்தார்கள். இந்த முனியோ இங்கேயே பிறந்தது. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் இதற்கு மூலம் தேட முடியாது.

ஏன் பிறந்தது? சுழலும் பட்டியில் கை சிக்கியவன் துரையிடம் நியாயம் கேட்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. கங்காணியிடமும் கேட்க முடியாது. முனியிடம் மட்டும் சேவலும் சாராயமும் சுருட்டும் வைத்துப் பேரம் பேசலாம். ஒருவகையில் அவர்களுக்கு வாய்த்த தொழிற்பாதுகாப்புச் சட்டம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்று தோட்டங்களில் ஆகம முறைக் கோயில்கள் எழுகின்றன. கோபுரங்களும் கும்பாபிஷேகங்களும் வருகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் மரத்தடிக் கல்லை மட்டும் 'துஷ்ட தேவதை' என்று ஒதுக்குகிறோம். மதம் மாறியவர்களோ அதையே சாத்தான் என்கிறார்கள். இந்த ஒரு விடயத்தில் இரு தரப்பாருக்கும் என்னே ஒற்றுமை!

பேயாடும் பெண்ணைப் பிரம்பால் அடிப்பதையோ, காய்ச்சல் கண்ட குழந்தையை வைத்தியரிடம் கொண்டு செல்லாமல் விபூதி போட்டுக் கிடத்துவதையோ நான் நியாயப்படுத்தவில்லை. அவை ஒழிய வேண்டியவைதான். கல்லைப் பெயர்ப்பது வேறு காரியம். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, இந்த முனிகளின் கதை தெரிந்த பலரும் கப்பலேறிவிட்டார்கள். எஞ்சியவர்களுக்கு வயதாகிவிட்டது. தொழிற்சாலைகளும் மூடப்படுகின்றன. கந்தப்பளையில் ஒன்று 1990களிலேயே ஹோட்டலாகிவிட்டது.

ஆலய பரிபாலன சபையினர் கல்லை அகற்றத்தான் போகிறார்கள் என்றால், அதற்கு முன் லயத்திலுள்ள முதியவர்களிடம் போய், அது எந்தச் சாவுக்குப் பிறகு நடப்பட்டது, யாருடைய சாவு என்று கேட்டு ஒரு கொப்பியிலாவது எழுதி வைக்கட்டும்.