சொன்னால் போதுமா?

170141183460469231731687303715884105727.

39 இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். 127 இரண்டுகளைப் பெருக்கி, விடையிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது இது. 1-ஆலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண். இதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்பர் சிலர். பெரும்பயன் உண்டு என்பதே நம் கருத்து.

2-க்கு அடுக்காக 2, 3, 5, 7 ஆகிய பகா எண்களை இட்டு 1-ஐக் கழித்தால் 3, 7, 31, 127 வருகின்றன. நான்கும் பகா எண்களே. ‘எப்போதும் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடத் தோன்றுகிறது அல்லவா? அடுத்த அடுக்கான 11 நம்மை ஏமாற்றிவிடுகிறது. விடை 2047, அது 23-ஐ 89-ஆல் பெருக்க வருவது!

பிரான்சு நாட்டு மினிம் சபைத் துறவி மாரேன் மெர்சென், 257 வரை எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று 1644-ல் பட்டியல் தந்தார். அதில் 67, 127, 257 இருந்தன. 127 சரியே என 1876-ல் எடுவார் லூகாஸ் நிறுவினார். 67 தவறென்றும் காட்டினார். 1903-ல் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் காரணிகளையே கண்டார்: 193707721, 761838257287. பின்னர் 257-உம் தவறாயிற்று.

லூகாஸ் வகுத்து, லேமர் செப்பனிட்ட வழி எளியது. 4-இல் தொடங்கி, இருமடியாக்கி 2-ஐக் கழித்துக்கொண்டே செல்ல வேண்டும்: 14, 194, 37634. மூன்றாம் படியில் வந்த 37634, 31-ஆல் மீதியின்றி வகுபடுகிறது; எனவே 31 பகா எண். நம் பெரிய எண்ணுக்கோ 125 படிகள்! 2024-ல் கண்டறியப்பட்ட, 4 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட பகா எண்ணையும் இச்சோதனையே உறுதி செய்தது.

மெர்சென் தவறியதால் அவர் பெருமை குன்றவில்லை; இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பெரியோர் சொல்லைச் சோதிப்பது அவமதிப்பு ஆகாது. மதிப்பற்ற சொல்லாயின் 232 ஆண்டுகளுக்குப் பின்னும் யார் ஆராய்வர்?

நாமோ தேற்றங்களையும் மனப்பாடம் செய்கிறோம். படத்தில் எழுத்துகளை மாற்றிக் கொடுத்தால் விழிக்கிறோம். ‘ஏன்?’ என்று கேட்டால் ‘அதிகப்பிரசங்கி’ என்பார்களோ என அஞ்சுகிறோம். பெண்பிள்ளைகளுக்கு அப்பெயர் விரைவிலேயே வந்துவிடுகிறது.

அன்னையரே, தந்தையரே, அருட்சகோதரியரே! நாங்கள் ‘ஏன்?’ என்று கேட்கும்போது அதைப் பணிவின்மையாகக் கொள்ளாதீர்கள். தோழியரே! கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. லூகாஸைப் போல், விடை காணும் வரை ஒவ்வொரு படியாக உழைக்கவும் வேண்டும். அவ்வுழைப்பில்லாத கேள்வி வெறும் வாய்ப்பேச்சே.