பந்தல் கம்பியும் பாசிட்டிவ் தலையும்

கம்பத்துல இருந்து சுருளி அருவிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? வழியெல்லாம் திராட்சைப் பந்தல். நம்ம கண்ணு குலை மேலதான் இருக்கும். இந்த வாரம் கொஞ்சம் மேலே பாருங்க. கல்தூண், அதுக்கு மேல குறுக்கும் நெடுக்குமா ஜி.ஐ. கம்பி. வெயில், மழை, மருந்து எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு கொடியைச் சுமக்கிற அந்தக் கம்பி, கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஆசிட்ல குளிச்சிருக்குன்னா நம்புவீங்களா?

நிஜம்தான் ஃப்ரெண்ட்ஸ்! துத்தநாகம் ஒட்டணும்னா இரும்பு மேல துளி துருகூட இருக்கக் கூடாது. அதனால முதல்ல ஆசிட் தொட்டி, பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக். இதுக்குப் பேரு பிக்ளிங். அப்புறம்தான் சுமார் 450 டிகிரி செல்சியஸ்ல உருகிக் கிடக்கிற துத்தநாகத்துல முக்கி எடுப்பாங்க.

சிக்கல் என்னன்னா, துருவோட நிறுத்திக்க ஆசிட்டுக்குத் தெரியாது. அது காலியானதும் இரும்பைக் கரைக்க ஆரம்பிச்சிடும். இரும்பும் வீண், ஆசிட்டும் வீண். வெளிவர்ற ஹைட்ரஜன்ல கொஞ்சம் இரும்புக்குள்ளேயே புகுந்தா, கம்பி வளைக்கும்போது படக்குனு முறியலாம். குமிழ் வெடிச்சுக் கிளம்புற ஆசிட் புகை, தொட்டி பக்கத்துல வேலை பார்க்கிறவங்க தொண்டையை அறுக்கும்.

இங்கேதான் நம்ம ஹீரோ என்ட்ரி: சர்ஃபாக்டன்ட். தண்ணியை விரும்புற தலை, தண்ணியைக் கண்டா ஓடுற நீள வால். சோப்பும் இந்த ஜாதிதான். ஆனா சோப்பை ஆசிட்ல போட்டா திரிஞ்சு மிதக்கும். இதுக்குத் தேவை பாசிட்டிவ் தலை உள்ள ஆளு. உதாரணம், செட்டில் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு, சுருக்கமா சி.டி.ஏ.பி. இதோட நெருங்கிய சொந்தம் உங்க ஹேர் கண்டிஷனர்லயே இருக்கு. லேபிளைத் திருப்பிப் பாருங்க, செட்ரிமோனியம் குளோரைடுன்னு போட்டிருக்கும்.

ஆசிட்ல நிக்கிற இரும்புல பாசிட்டிவ் சார்ஜ். அதுல குளோரைடு அயனி போய் ஒட்டும். அந்த நெகட்டிவ் சீட்டுல பாசிட்டிவ் தலை உட்காரும். வாலெல்லாம் வெளிப்பக்கம் நெருக்கமா நின்னு, ஆசிட்டை உள்ளே விடாது.

நிறையக் கொட்டினா இன்னும் பாதுகாப்பா? இல்லை. இரும்பு மேல இடம் நிறைஞ்சதும், மிச்சமுள்ள மூலக்கூறுகள் தண்ணிக்குள்ள தனியா உருண்டை கட்டிக்கும். அதுதான் மைசெல். வெறும் தண்ணியில சி.டி.ஏ.பி. லிட்டருக்குச் சுமார் 0.33 கிராம் சேர்ந்ததுமே இந்த ஸ்டேஜ் வந்துடும். ஆசிட்ல அதுக்கும் முன்னாடியே. அதுக்கு மேல போடுறதுல பெருசா லாபம் இல்லை.

ஃபைனல் இயர் கெமிஸ்ட்ரி மக்களே, இதை புராஜெக்டாவே பண்ணலாம். எமரி பேப்பர்ல தேய்ச்ச ஸ்டீல் துண்டை எடை போடுங்க. ஆசிட்ல ஊற வெச்சு மறுபடி போடுங்க. மருந்தோட ஒண்ணு, மருந்தில்லாம ஒண்ணு. எடைக்குறைவை ஒப்பிட்டா எத்தனை சதவீதம் காப்பாத்துச்சுன்னு தெரியும். லேப் கோட், கண்ணாடி, மேடம் மேற்பார்வை மூணும் கட்டாயம்.

90-க்கு மேல வந்துட்டா உடனே பைண்டிங் கடைக்கு ஓடாதீங்க பாஸ். ரூம் டெம்பரேச்சர்ல கிடைச்ச மார்க், 60 டிகிரியில நிக்குமா? வெறும் மின்கவர்ச்சியில ஒட்டின படலம் சூட்டுல கழண்டுக்கும். அந்த ரீடிங்கையும் சேர்த்து எழுதுறதுதான் நேர்மை.

அடுத்து, அந்த பீக்கரை எங்கே கொட்டுவீங்க? சுண்ணாம்பு போட்டா ஆசிட் அடங்கிடும்; சி.டி.ஏ.பி. அடங்காது. மீனுக்கும் பாசிக்கும் அது விஷம். நம்ம பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல்லு முல்லைப் பெரியாறு தண்ணியை நம்பி நிக்குது. அதனால லேப் கழிவைத் தனி கேன்ல சேர்த்து, முறையா அப்புறப்படுத்தக் கொடுங்க. வேலை முடிஞ்சதும் சுலபமா உடைஞ்சு மக்குற சர்ஃபாக்டன்ட் பக்கம் ஆராய்ச்சி திரும்பினதுக்கும் இதுதான் காரணம்.

இன்னும் ஆர்வம் இருந்தா காரைக்குடி பக்கம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரியில திறந்த சிக்ரி அங்கேதான் இருக்கு. இரும்பு அரிப்பு அங்கே ஒரு தனி ஆராய்ச்சிப் பிரிவு. டிகிரி முடிச்சிட்டு அந்தப் பக்கம் போக யாராவது ரெடியா?