எட்மண்டன் குறிப்புகள் - 23: கதவுக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் மட்டை

போன வாரம் ஏன் பதிவு வரலைன்னு ரெண்டு மூணு பேர் தனிமடல்ல கேட்டிருந்தீங்க. நன்றி மக்களே. அசைன்மென்ட், பரீட்சைன்னு வழக்கமான சாக்கு சொல்லிடலாம். ஆனா உண்மைக் காரணம் வேற. எங்க வீட்டுக்குத் திருடன் வந்துட்டான்!

முதல்ல வீட்டைப் பத்திச் சொல்லிடறேன். எட்மண்டன்ல ஃபோர் ஸ்ட்ரீட்டை ஒட்டின ஒரு சந்து. சுவரோட சுவர் ஒட்டின வரிசை வீடு. மாடியில ஒரு ரூம் எனக்கு. மிச்ச வீடு பூரா வீட்டுக்கார அண்ணை குடும்பத்துக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். எங்க திருநெல்வேலிப் பக்கம் அண்ணேன்னுதான் சொல்லுவோம். ஒன்றரை வருஷத்துல என் வாயிலயும் 'அண்ணை' ஒட்டிக்கிச்சு. ராத்திரியில பெட்ரோல் பங்க்ல வேலை பார்த்துப் பார்த்து, கடன் கட்டி வாங்கின வீடு.

அந்த வீட்டு முன்கதவுக்குப் பின்னால எப்பவும் ஒரு கிரிக்கெட் மட்டை சாய்ஞ்சிருக்கும். வீட்டுல யாரும் கிரிக்கெட் விளையாடறதில்லை. டிவியில பார்க்கறதோட சரி :-) தீபாவளி நெருங்கினா லண்டன் போலீஸே 'ஆசியக் குடும்பங்கள் நகையைப் பத்திரமா வையுங்க'ன்னு எச்சரிக்கை விடறது வழக்கம். நம்ம வீடுகள்ல தங்கம் இருக்கும்னு இந்த ஊர்த் திருடனுக்கும் நல்லாவே தெரியும். அதுக்குத்தான் மட்டை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பின்பக்கத் தோட்டத்துல ஏதோ உருளுற சத்தம். அன்னைக்கு அண்ணைக்கு லீவு. நான் இறங்கி வர்றதுக்குள்ள அவர் மட்டையோட சமையலறைக் கதவைத் திறந்துட்டார். ஷெட்டுக்குள்ள இருந்து, தலையை மூடின சட்டை போட்ட ஒரு உருவம் என் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வெளிய வருது. எங்களைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுட்டு வேலியைப் பார்த்து ஓட்டம். ஏறும்போது கால் மாட்டிக்கிச்சு. அண்ணை பக்கத்துல போய் மட்டையை ஓங்கிட்டார்.

நான் கதவுகிட்ட நின்னு என்ன செஞ்சேன்னு நினைக்கறீங்க? "அடிங்க அண்ணை! விடாதீங்க!"ன்னு கத்தினேன். நானேதான். ஊர்ல கோழி அறுத்தாக்கூட அந்தப் பக்கம் போகாத ஆளு.

அண்ணை அடிக்கலை. ஓங்கின மட்டை ஓங்கினபடியே நின்னுது. அவன் காலை உருவிக்கிட்டு அந்தப் பக்கம் குதிச்சு ஓடிட்டான். ஒத்தை ஷூ மட்டும் வேலியோரம் கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா சின்ன அளவு. பதினாலு பதினைஞ்சு வயசுப் பையனோடதுன்னு அக்கா சொன்னாங்க. அவங்க பையனுக்கும் அதே சைஸாம்.

காலையில தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணை கேட்டார். "தம்பி, நீ அடி எண்டு கத்தினாய். நான் அடிச்சிருந்தா என்ன நடந்திருக்கும்? என்ர வீடு, நான் காசு குடுத்து வாங்கினது. உள்ளுக்கு வந்தவனை அடிக்க எனக்கு உரிமை இருக்கோ இல்லையோ? படிச்ச பொடியன்தானே, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மூணு ராத்திரி போச்சு. பதிவு வராததுக்கு அதுதான் காரணம்.

முதல் ஆச்சரியம். இங்கிலாந்துல அடுத்தவன் இடத்துக்குள்ள அனுமதியில்லாம நுழையறது பெரும்பாலும் குற்றமே இல்லை, சிவில் தகராறு. 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவர்'னு போர்டு மாட்டினாலும் பல இடங்கள்ல அது சும்மா மிரட்டல்தான். குடியிருப்புக் கட்டிடத்துல அத்துமீறிக் குடியேறுறது குற்றம்னு ஆனதே 2012 செப்டம்பர்லதான். திருட வந்தா கதை வேற, அது குற்றம். அவனைத் தடுக்க 'நியாயமான அளவு' பலத்தைப் பயன்படுத்தலாம். அந்த நியாயமான அளவுங்கற ரெண்டு வார்த்தையிலதான் மொத்த சண்டையும் இருக்கு.

இந்த ஊர்ல இந்தப் பேச்சை எடுத்தா எல்லாரும் சொல்ற பேர் டோனி மார்ட்டின். நார்ஃபோக்ல எம்னெத் ஹங்கேட்ங்கற கிராமத்துல தனியா இருந்த விவசாயி. வீட்டுல பலமுறை திருட்டு நடந்துச்சு, போலீஸ் கண்டுக்கலைன்னு சொன்னவர். 1999 ஆகஸ்ட் 20 ராத்திரி ரெண்டு பேர் உள்ள நுழைஞ்சாங்க. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியால சுட்டார். ஒருத்தருக்குக் கால்ல காயம். இன்னொருத்தன், ஃப்ரெட் பாரஸ், 16 வயசு, செத்துப்போனான். குண்டு பாய்ஞ்சது முதுகுல. 2000-ல கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை. 2001-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரோட மனநிலையைக் கணக்குல எடுத்து, கொலையை விடக் குறைஞ்ச குற்றமா மாத்தி 5 வருஷம் ஆக்குச்சு. 2003 ஜூலையில வெளிய வந்தார். 2025 பிப்ரவரியில, 80 வயசுல இறந்தார். பாதி நாடு அவரை வீரன்னுச்சு, மீதி நாடு கொலைகாரன்னுச்சு.

அடுத்தது எங்க வீட்டு மட்டைக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற கதை. முனீர் ஹுசைன், ஹை விக்கம்ல இருந்த ஆசியத் தொழிலதிபர். 2008 செப்டம்பர், ரமலான் மாசம். மசூதியில இருந்து குடும்பத்தோட திரும்பினா, வீட்டுக்குள்ள கத்தியோட மூணு முகமூடி ஆளுங்க. மனைவி, பிள்ளைங்க எல்லாரையும் கட்டிப்போட்டு, கொன்னுடுவோம்னு மிரட்டியிருக்காங்க. ஒரு பையன் தப்பிச்சுப் போய் சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்தான். திருடங்க ஓட ஆரம்பிச்சாங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இன்னும் சிலரும் துரத்தினாங்க. வாலித் சலேம்ங்கறவன் மட்டும் தெருவுல ஒரு வீட்டு முன்னால மாட்டினான். கீழ விழுந்தவனை அடிச்ச அடியில கிரிக்கெட் மட்டை மூணு துண்டாச்சு. மண்டையோடு உடைஞ்சு, மூளையில நிரந்தரப் பாதிப்பு.

2009 டிசம்பர்ல முனீருக்கு 30 மாசம், தம்பிக்கு 39 மாசம் சிறை. திருட வந்தவனுக்கு? மூளை பாதிப்பால வழக்கை எதிர்கொள்ள முடியாதுன்னு சிறையே இல்லை, கண்காணிப்பு மட்டும். நாடே கொதிச்சது. 2010 ஜனவரியில மேல்முறையீட்டுல முனீரை விட்டுட்டாங்க, 12 மாசமாக் குறைச்சு அதையும் நிறுத்தி வச்சாங்க. தம்பிக்குத் தண்டனை குறைஞ்சது, ஆனா சிறை சிறைதான். நீதிபதிகள் தெளிவா ஒன்னு சொன்னாங்க: இரக்கம் காட்டறோம், ஆனா இது வீட்டைக் காப்பாத்தின வழக்கு இல்லை. அடி விழுந்தப்போ திருட்டு முடிஞ்சு போயிருந்தது, குடும்பத்துக்கு அதுக்கப்புறம் ஆபத்து இல்லை.

இதைப் படிச்சப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. பொண்டாட்டி பிள்ளைங்க கட்டுப்பட்டுக் கிடந்ததைப் பார்த்த மனுஷன் அந்த நிமிஷம் தராசா பிடிச்சுக்கிட்டு நிப்பான்? இந்தக் கேள்வி அரசாங்கத்துக்கும் உறைச்சிருக்கணும். 2013 ஏப்ரல்ல சட்டத்தை மாத்தினாங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சவன்கிட்ட இருந்து தன்னையோ மத்தவங்களையோ காப்பாத்திக்க அடிச்சா, அது கொஞ்சம் அதிகமாப் போனாலும் பரவாயில்லை, 'படுமோசமா' அளவு மீறாம இருந்தாப் போதும்னு. (அப்படி மீறாத எல்லா அடியும் தானா நியாயமாகிடாது, அதையும் எடைபோடணும்னு 2016-ல உயர் நீதிமன்றம் ஒரு கடிவாளமும் போட்டுச்சு.) 2018 ஏப்ரல்ல தெற்கு லண்டன் ஹிதர் கிரீன்ல ரிச்சர்ட் ஆஸ்பர்ன்-புரூக்ஸ்ங்கற 78 வயசுப் பெரியவர், ஸ்க்ரூடிரைவரோட நுழைஞ்ச திருடனோட தன் வீட்டுக்குள்ள போராடினதுல திருடன் கத்திக்குத்துப் பட்டு இறந்தான். கொலைச் சந்தேகம்னு முதல்ல கைது பண்ணினாங்க. ரெண்டு மூணு நாள்ல வழக்கே போடாம விட்டுட்டாங்க.

ஆனா கவனிங்க. இந்தச் சலுகை கட்டிடத்துக்குள்ள மட்டும்தான். தோட்டத்துக்குக் கிடையாது. உயிரைக் காப்பாத்தத்தான், பொருளைக் காப்பாத்த இல்லை. எங்க வீட்டுச் சம்பவம் நடந்தது தோட்டத்துல. ஆபத்துல இருந்தது என்னோட பழைய சைக்கிள். அண்ணை அந்த அடியை அடிச்சிருந்தா? முனீரோட தம்பி கதைதான் ஞாபகத்துக்கு வருது.

"நம்ம ஊரா இருந்தா இந்நேரம் தோலை உரிச்சிருப்பாங்க"ன்னு சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்த நினைப்பு இருந்துச்சு. சரின்னு நம்ம சட்டத்தையும் புரட்டினேன். 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல 96-லிருந்து 106 வரை, 2024 ஜூலையில இருந்து அமல்ல இருக்கற பாரதிய நியாய சன்ஹிதாவுல 34-லிருந்து 44 வரை இதுதான் விஷயம். கொள்ளை, ராத்திரியில வீட்டை உடைச்சு நுழையறது, வீட்டுக்குத் தீ வைக்கறது, இல்லை உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ பயப்பட நியாயம் இருக்கற திருட்டு... இதுக்கெல்லாம் உயிர் போற அளவுக்குக்கூட எதிர்க்கலாம். வெறும் திருட்டு, வெறும் அத்துமீறல்னா தடுக்கலாம், அடிக்கலாம், ஆனா கொல்லக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, தேவைக்கு மிஞ்சி ஒரு அடிகூட கூடாது. இலங்கையோட 1883 தண்டனைச் சட்டமும் இதே குடும்பம்தான். ஆக லண்டன், சென்னை, யாழ்ப்பாணம் எங்க போனாலும் கேள்வி ஒன்னுதான்: அந்த நேரத்துல ஆபத்து இருந்துதா?

சென்னைன்னதும் ஞாபகம் வருதா? 2011 ஜூலை 3, ஞாயித்துக்கிழமை. தீவுத்திடல் பக்கம் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பக்கத்துக் குடிசைப் பகுதியில இருந்த 13 வயசுப் பையன் சுவரேறிக் குதிச்சு வாதாங்கொட்டை பொறுக்கப் போனான். ராமராஜ்ங்கற ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் சுட்டதுல செத்துப்போனான். ஒரு வாரம் கழிச்சுத்தான் கைது. 2012 ஏப்ரல்ல சென்னை விரைவு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிச்சது. சுவரேறிக் குதிச்சது அத்துமீறல்தான், யாரும் மறுக்கலை. நானும் நீங்களும் எத்தனை சுவர் ஏறியிருப்போம்? மாங்காய்க்கு, கொய்யாவுக்கு, விழுந்த பந்தை எடுக்கறதுக்கு. எங்க தெருவுல மதில் மேல கண்ணாடிச் சில்லு பதிச்ச வீடு ஒன்னு உண்டு. என் முழங்கால்ல அதோட அடையாளம் இன்னும் இருக்கு.

இதெல்லாம் அண்ணைக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் விளக்கினேன். பிரிவு நம்பரோட, பெரிய வக்கீல் கணக்கா :-) எல்லாத்தையும் கேட்டுட்டு, "நீங்க ஏன் அண்ணை அடிக்கலை? இந்தச் சட்டமெல்லாம் உங்களுக்கும் தெரியாதே?"ன்னு நான் கேட்டேன்.

"சட்டம் ஆருக்குத் தெரியும்? அவன்ர முதுகுதான் தெரிஞ்சது தம்பி."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார். 1990-ல பலாலிப் பக்கம் இருந்த சொந்த வீட்டை விட்டு ஓடி வந்தவங்க அவங்க குடும்பம். அப்பா கட்டின வீடு. அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிடுச்சு. ராணுவம் உள்ள, சொந்தக்காரங்க வெளிய. "அந்த வீட்டுக்கை வந்தவங்களை நாங்கள் என்ன செய்ய முடிஞ்சது? ஒண்டும் இல்லை. அந்தக் கோவம் முப்பது வருசத்துக்கு மேல கையில இருக்கு. அண்டைக்கு மட்டையை ஓங்கேக்க அதுதான் ஓங்கினது. இந்தப் பொடியன் என்ர சைக்கிளைத்தானே எடுக்க வந்தவன். அதுவும் என்ர இல்லை, உன்ர." அப்புறம் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பயத்துல விழற அடிக்குச் சட்டம் நிறையவே இடம் குடுக்குது, குடுக்கணும். நடுராத்திரி 78 வயசுல தனியா நிக்கற மனுஷன்கிட்ட கணக்குக் கேக்கக்கூடாது. ஆனா திருடன் திரும்பி ஓட ஆரம்பிச்ச நிமிஷத்துல பயம் முடிஞ்சு போகுது. அதுக்கப்புறம் விழற அடி வேற எங்கேயோ வாங்கின அடிக்குத் திருப்பி அடிக்கறது. 'என் வீடு'ங்கற வார்த்தை அந்த ரெண்டையும் ஒன்னாக் காட்டிடுது. எனக்கு அந்த சாக்குகூடக் கிடையாது. வீடு என்னோடது இல்லை, மட்டையும் என் கையில இல்லை, ஆபத்து என் பக்கத்துலயே வரலை. ஆனா "அடி"ன்னு கத்தினது நான். இதை எழுதறதுக்குத்தான் ஒரு வாரம் யோசிச்சேன்.

மட்டை இன்னும் கதவுக்குப் பின்னாலதான் இருக்கு. அண்ணை எடுக்கமாட்டேன்னுட்டார். தோட்டத்துல ஆள் நடமாடினா தானா எரியற விளக்கு ஒன்னு மாட்டியிருக்கோம். ஒத்தை ஷூவை அக்கா ஷெட் மேல வச்சிருக்காங்க. கேட்டா, "தேடி வந்தா எடுத்துக்கொண்டு போகட்டும்"ங்கறாங்க. எங்க, நேத்து வரைக்கும் யாரும் வரலை.

நீங்க அந்தக் கதவுகிட்ட நின்னிருந்தா என்ன கத்தியிருப்பீங்க? நேர்மையாச் சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் சரி.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வீட்டுல திருடன் வந்தா என் பதிவைப் படிச்சுக்கிட்டு நிக்காதீங்க. முதல்ல 999-க்கு போன் பண்ணுங்க, ஊர்ல இருந்தா 112 :-)