துடைக்காத துப்பாக்கி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அமெரிக்காவில் ஏதாவது ஒரு பெயிண்ட்பால் மைதானத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தால் போதும். காலையிலிருந்து மரத்துக்கு மரம் ஓடி ஒளிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள், மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் வழியும் துப்பாக்கியை அப்படியே பைக்குள் திணித்து, பையை டிக்கியில் எறிந்துவிட்டு, பீட்சா சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பை மறுபடி திறக்கப்படுவது மூன்று வாரம் கழித்துத்தான். முதல் குண்டு பேரலுக்குள்ளேயே உடைகிறது. இரண்டாவது குண்டு, குறி வைத்த ஆளை விட்டுவிட்டுப் பக்கத்து மரத்தைத் தேடிப் போகிறது. "துப்பாக்கி போச்சு, புதுசு வாங்கணும்" என்று உடனே தீர்ப்பு!

போனது துப்பாக்கி இல்லை. அதற்குத் தேவைப்பட்டது இருபது நிமிடமும் ஒரு பழைய பனியன் துணியும்தான். ஆனால் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். நீளமான பேரல், வேகமான ஹாப்பர், புது டிரிக்கர் என்று அவரிடம் விற்க நிறைய இருக்கிறது. இந்த விளையாட்டில் காசு கரைவது பெரும்பாலும் இப்படித்தான். அழுக்கை எடுக்காமல் அதன் மேலேயே புது சாமான் மாட்டுவது.

இந்தக் கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. காட்டில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போடவும், மந்தையில் மாடுகளைக் குறித்து வைக்கவும் நெல்சன் பெயிண்ட் என்ற கம்பெனி விற்றது. நெல்ஸ்பாட் 007 என்று பெயர். (ஜேம்ஸ் பாண்டுக்குத் தெரிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.) 1981 ஜூன் மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில் பன்னிரண்டு பேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொடி பிடிக்கும் போட்டி ஒன்றை ஆடினார்கள். அதுதான் ஆரம்பம். ஜெயித்தவர் ஒரு குண்டு கூடச் சுடாமல் ஜெயித்தார் என்பது இந்த விளையாட்டின் மிக அழகான செய்தி. அவர் துப்பாக்கிக்கு அன்று சுத்தம் தேவைப்பட்டிருக்காது! இன்றைக்கும் பழைய ஆட்டக்காரர்கள் இதைத் 'துப்பாக்கி' என்று சொல்வதில்லை, 'மார்க்கர்' என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் காலத்துக் குண்டுக்குள் எண்ணெய் பெயிண்ட். ஆட்டம் முடிந்தால் டர்பன்டைன் வாசனையோடுதான் வீடு திரும்ப வேண்டும். பிறகு தண்ணீரில் கரையும் கலவை வந்தது. இப்போது குண்டின் மேல் ஓடு ஜெலட்டின், அதாவது மாத்திரை கேப்சூலின் அதே சமாசாரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகாலும் சாயமும். தண்ணீரில் கரையும் என்பதாலேயே பலருக்கு அலட்சியம். "அப்புறம் கழுவிக்கலாம்." ஆனால் ஜெலட்டின் ஓட்டின் துணுக்குகள் காய்ந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கே ஒரு ஈரத்துணியில் போயிருக்க வேண்டியது, மூன்று வாரம் கழித்துச் சுரண்டினாலும் போகாது.

ஒரு குண்டு உடைந்தால் அடுத்த குண்டு ஏன் வளைந்து போகிறது? 0.68 அங்குல விட்டமும் சுமார் 3 கிராம் எடையும் உள்ள பந்து அது. வழவழப்பான குழாய்க்குள் நேராக ஓடி வெளியே வர வேண்டும். குழாயில் ஒரு பக்கம் பெயிண்ட் பூசியிருந்தால் பந்து அந்தப் பக்கம் உரசித் தாறுமாறாகச் சுழல ஆரம்பிக்கிறது. சுழலும் பந்து காற்றில் வளையும் என்பது கிரிக்கெட் பார்க்கிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. துணுக்கு பெரியதாக இருந்தால் அந்தப் பந்தும் உள்ளேயே உடையும். பிறகு அடுத்தது. பேரலை ஒருமுறை ஸ்குவீஜி போட்டு இழுத்தால் தீரும் பிரச்சினைக்கு நூறு டாலருக்கு நீள பேரல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேரலிலும் முதல் நாளே பெயிண்ட்!

பேரலை விட ஆழமான இடம் ஒன்று இருக்கிறது. மேலே ஹாப்பரிலிருந்து உருண்டு வரும் குண்டுகளில் ஒன்றுக்கு மேல் உள்ளே போகாமல் தடுக்க, ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு சின்ன நாக்கு வைத்திருப்பார்கள். டிடென்ட் என்று பெயர். இது தேய்ந்தாலோ, காய்ந்த பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டாலோ இரண்டு குண்டு ஒன்றாக நுழையும், போல்ட் வந்து இரண்டையும் நசுக்கும். சில டாலர் விலையுள்ள நாக்கு. இதைப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் இது வெளியே தெரியாது, நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்படவும் முடியாது.

அடுத்தது ஓ-ரிங். வீட்டுக் குக்கரின் கேஸ்கெட்டை நினைத்துக்கொண்டால் போதும். கேஸ்கெட் காய்ந்து வெடித்தால் விசில் வராது, அதற்காக யாரும் குக்கரைத் தூக்கிப் போடுவதில்லை. டிப்மன் 98 போன்ற சாதாரணத் துப்பாக்கிகளில் நடப்பது இது: டிரிக்கரை இழுத்தால் பின் போல்ட் முன்னால் பாய்ந்து வால்வை இடிக்கிறது. வால்வு திறந்து வரும் கேஸில் ஒரு பங்கு குண்டைத் தள்ளுகிறது, இன்னொரு பங்கு பின் போல்ட்டையே திரும்பப் பின்னால் தள்ளிக் கொக்கியில் மாட்டுகிறது. அந்தப் போல்ட்டைச் சுற்றி ஒரே ஒரு ஓ-ரிங். அது வறண்டு போனால் கேஸ் பக்கவாட்டில் கசியும், போல்ட் கொக்கி வரைக்கும் வராது. உடனே "மெஷின் ஜாம்" என்று புலம்பல். சிலிண்டரை மாட்டும் வாய்க்குள் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, குண்டு போடாமல் சில முறை சுட்டால் கேஸே அந்த எண்ணெயை உள்ளே கொண்டுபோய்விடும்.

எந்த எண்ணெய் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வைத்தியம். வீட்டில் இருக்கிறதே என்று டபிள்யூடி-40 அடிப்பது பரவலான பழக்கம், கெட்ட பழக்கம். கதவுக் கீலுக்கு நல்லதெல்லாம் ரப்பருக்கு நல்லதாகிவிடாது. பெட்ரோலியக் கரைப்பான் கலந்த ஸ்பிரேக்கள் ஓ-ரிங்கை ஊதவைத்துக் கெடுக்கக்கூடியவை. இன்னொன்று, எல்லாத் துப்பாக்கிக்கும் எண்ணெய் என்பதும் தப்பு. மின்சார வால்வு வைத்த விலையுயர்ந்த ரகங்கள் பலவற்றுக்கு எண்ணெய் ஆகாது, மெலிதாகக் கிரீஸ்தான் தடவ வேண்டும். டிப்மன்காரர் சொன்னதைக் கேட்டு அதில் எண்ணெயை ஊற்றினால், டிப்மன்காரர் ரிப்பேர் செலவு தரப்போவதில்லை. பெட்டியோடு வந்த கையேட்டில் இதெல்லாம் அச்சடித்திருக்கிறது. ஆனால் கையேடு பெட்டியோடு குப்பைக்குப் போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான ஜாதியும் உண்டு. வாராவாரம் கடைசி ஸ்குரூ வரைக்கும் கழற்றிப் போடுகிறவர்கள். டிப்மன் 98-ன் உடம்பு சிப்பி மாதிரி இரண்டு பாதி. பிரித்தவுடன் டிரிக்கர் ஸ்பிரிங் ஒன்று எங்கேயோ பறக்கும், மீதி ராத்திரி கட்டிலுக்கு அடியில் டார்ச் லைட்டோடு கழியும். அடிக்கடி பிரித்து மாட்டினால் ஸ்குரூவின் மரையும் தேயும். வெளியே துடைத்து, பேரலை இழுத்து, டிடென்ட்டைப் பார்த்து, ஓ-ரிங்குக்கு எண்ணெய் காட்டினால் ஒரு சாதாரண ஞாயிறுக்கு அது தாராளம். முழுசாகப் பிரிப்பது எப்போதாவது, ஏதாவது கோளாறு தெரிந்தால் மட்டும்.

இதுவரை சொன்னதைச் செய்யாவிட்டால் ஆட்டம்தான் கெடும். இனிமேல் சொல்வது அப்படியில்லை.

துடைக்க உட்காருவதற்கு முன்னால் துப்பாக்கி உண்மையிலேயே காலியா என்ற கேள்வி இருக்கிறது. ஹாப்பரைக் கழற்றியதும் "காலி" என்று நினைப்பவர்கள் அதிகம். ஹாப்பர் கழன்றாலும் உள்ளே ஒரு குண்டு காத்திருக்கலாம், வால்வுக்குப் பின்னால் கேஸ் நின்றுகொண்டிருக்கலாம். மைதானங்களில் வேகத்துக்கு உச்ச வரம்பு வினாடிக்கு 300 அடி, பல இடங்களில் அதற்கும் கீழே. அந்த வேகத்தில் கண்ணில் பட்டால் பார்வை போகும். மைதானத்துக்குள் முகமூடியைக் கழற்றினால் நடுவர் வெளியே அனுப்பிவிடுவார். வீட்டுக் கூடத்தில், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது நடுவர் யார்?

அதனால் வரிசை முக்கியம். முகமூடி முகத்திலேயே இருக்கட்டும். பேரல் வாயில் உறை. பிறகு ஹாப்பர். பிறகு சிலிண்டரை மெதுவாகத் திருகிக் கழற்றுவது, ஆளில்லாத பக்கம் நீட்டி மிச்சக் கேஸைச் சுட்டுத் தீர்ப்பது. இவ்வளவுக்கும் பிறகுதான் துணியைத் தொட வேண்டும்.

சிலிண்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டருக்குள் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 850 பிஎஸ்ஐ அழுத்தம். அழுத்தக் காற்று சிலிண்டர் என்றால் 3000, 4500 என்று போகும். கார் டயரில் 30 சொச்சம்தான். சிலிண்டரும் அதன் தலையில் இருக்கும் வால்வும் தனித்தனி உறுப்புகள், மரையால் இணைத்தவை. யாரோ அனுபவமில்லாதவர் வால்வைக் கழற்றி மாட்டி, சரியாக இறுக்காமல் விட்டால், அடுத்த முறை துப்பாக்கியிலிருந்து சிலிண்டரைத் திருகும்போது வால்வு துப்பாக்கியிலேயே தங்கி, சிலிண்டர் மட்டும் கழன்று வரும். கடைசி மரை விடுபட்ட நொடியில் அது ராக்கெட். இப்படிப் பறந்த சிலிண்டர்களால் இரண்டு பேர் இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2004-ல் எச்சரிக்கை வெளியிட்டது.

இதைத் தவிர்க்க விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், அக்காவின் நகப் பூச்சு போதும். வால்விலிருந்து சிலிண்டர் வரைக்கும் ஒரே கோடாக ஒரு தீற்று. திருகும்போது கோட்டின் இரண்டு துண்டும் சேர்ந்தே சுற்ற வேண்டும். விலகினால் அங்கேயே நிறுத்திவிட்டு, சிலிண்டர் வேலை தெரிந்த கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். துப்பாக்கிக்கு நூறு டாலர் செலவு செய்பவர்களில் எத்தனை பேர் சிலிண்டரில் இந்தக் கோடு இருக்கிறது? சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பெரும்பாலான சிலிண்டர்களுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை தேவை.

முகமூடியின் கண்ணாடியும் இந்தக் கணக்கில்தான் சேரும். அது பாலிகார்பனேட். பளபளப்புக்காக அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனரை அடித்தால் கண்ணாடி பலவீனமாகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். வெறும் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். விரிசல் தெரிந்தால் துடைக்கவே வேண்டாம், மாற்ற வேண்டும்.

எல்லாம் முடித்து மாட்டிய பிறகு ஒரு சந்தோஷமான ஆபத்து வரும். வறண்டிருந்த ஓ-ரிங் சரியானதும் கசிவு நின்று, துப்பாக்கி முன்பை விட வேகமாகச் சுடலாம். போன மாதம் 270 காட்டியது இன்று 300-ஐத் தாண்டலாம். அதனால் நேராக ஆட்டத்துக்குள் ஓடாமல் முதலில் குரோனோகிராஃபுக்கு முன்னால் நிற்பது நல்லது. வரிசை நீளமாகத்தான் இருக்கும்.

பையை மூடும் முன் ஹாப்பரின் மூலையில் மிச்சமிருக்கும் குண்டுகள். இருபதோ முப்பதோ இருக்கும், தூக்கிப் போட மனசு வராது. ஜெலட்டின் ஈரக் காற்றில் உப்பும், குளிரில் நொறுங்கும், ஒரே பக்கம் கிடந்தால் அந்தப் பக்கம் தட்டையாகும். போன மாதத்து முப்பது குண்டை மிச்சம் பிடித்து, இப்போதுதான் துடைத்து வைத்த பேரலுக்குள் அவற்றையே போட்டு உடைப்பவர்களும் இருக்கிறார்கள்.