ஆயாமார் பெறவேண்டிய பயிற்சி

நடுவட்டத்தைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாயர், தம் மக்களை ஆயாவின் கையில் ஒப்புவித்தே மலையேறுகின்றனர். குழந்தைக் காப்பகம், வளர்ப்பிற் பயிற்சியுற்ற பெண்ணின் பொறுப்பில் இருத்தல் வேண்டுமென்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்தது. ஆயின், பாலூட்டலும் நீராட்டலும் மட்டுமே பயிற்சியாகுமோ?

பிள்ளைகட்குத் தீங்கிழைப்போர் பெரும்பாலும் அறிமுகமானவரே. மழலைக்கு அதனைச் சொல்ல மொழியில்லை. உடலும் நடத்தையுமே சொல்லும். காரணம் விளங்காத காயம், திடீரென எழும் அச்சம், ஒருவரைக் கண்டதும் ஒடுங்குதல் ஆகியவை குற்றத்திற்குச் சான்றாகிவிடா. எனினும், உசாவுதற்குரிய குறிகளாம். இவற்றை அறியவும், பெற்றோர் குறித்தவரிடமன்றிப் பிள்ளையை ஒப்படையாதிருக்கவும் ஆயா கற்றல் வேண்டும்.

குடும்ப மானங் கருதி வாளாவிருத்தலே நன்றென்பர் சிலர். அம்மௌனம் கொடியவனுக்கே அரணாகும். பிள்ளைகள்மீது நிகழும் பாலியற் குற்றத்தை அறிந்தோர் அறிவித்தே தீரவேண்டுமென்பது 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம். உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு. காப்பகப் பணியாளர்க்குக் காலந்தோறும் பயிற்சி அளிக்குமாறு 2020-ஆம் ஆண்டு விதிகள் பணிக்கின்றன. உண்மை கூறிய ஆயாவின் வேலைக்கு ஊறு நேராதென்று தோட்டத்தார் உறுதியளித்தாலன்றி அப்பயிற்சி பயன்படாது.

சிறு பிள்ளையைச் சீடர் நடுவே நிறுத்தியவர் நம் ஆண்டவர். அவர் பெயரால் நடைபெறும் கல்லூரியில் தமிழ் பயில்வோர், இவ்விதிகளை எளிய தமிழில் ஆயாமார்க்கு எடுத்துரைத்தல் தக்க தொண்டன்றோ?