மனை அங்கீகாரம்: கல் நடுவதற்கு முன்னால்...

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று பழமலைநாதர் கோயில், இன்னொன்று பீங்கான். நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணில் ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்யும் சிறு பட்டறைகள் நிறைந்த செராமிக் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. அந்தத் தொழிலுக்கென்றே ஒரு அரசு டிப்ளமோ படிப்பும் இருக்கிறது.

மண்ணை வைத்து நடக்கும் இன்னொரு வியாபாரம் மனை வியாபாரம். இது எல்லா ஊருக்கும் பொது. வயலில் வெள்ளையடித்த எல்லைக்கற்கள், கலர் கொடித் தோரணம், 'நகர்' என்று முடியும் ஒரு பெயர்ப் பலகை. பிறகென்ன, லேஅவுட் ரெடி! வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் சூளையிலும் சித்தாள் வேலையிலும் கடையிலும் சம்பாதித்ததை மாதத் தவணையாகக் கட்டுகிறவர்கள். அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் அதில்தான்.

இதில் அங்கீகாரம் எங்கே வருகிறது? 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர் முதலில் வரைபடம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் வைக்க வேண்டும். நஞ்சை நிலம் என்றால் வேளாண்மைத் துறையின் கருத்து வேண்டும். வாய்க்கால், ஏரி அருகில் என்றால் நீர்வளத் துறையும் பார்க்கும். நகர் ஊரமைப்புத் துறை தொழில்நுட்ப ஒப்புதல் கொடுத்த பிறகு, சாலைகளையும் பொது இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால்தான் இறுதி அனுமதி.

நில உரிமையாளர் அலுத்துக்கொள்வது இங்கேதான். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, சுமார் 4047 சதுர மீட்டர். 3000 சதுர மீட்டரைத் தாண்டினாலே சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடம். உத்தேசமாகக் கணக்குப் போடுவோம். ஒழுங்கான சாலைக்கு 13,000 சதுர அடி போனால் மிச்சம் 30,560. அதில் பத்தில் ஒரு பங்கை விட்டால் சுமார் 27,500. அரை கிரவுண்டு மனையாகப் பிரித்தால் 22 மனைதான் தேறும். பூங்காவை விட்டுவிட்டு, தெருவையும் குறுக்கினால் 28, 29 மனை தேறும். அந்த ஆறேழு மனைக்கான ஆசைதான் அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டின் பிறப்பு ரகசியம்!

அந்த ஆறேழு மனை யாருடையது? ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டிய தெருவும், பிள்ளைகள் விளையாட வேண்டிய இடமும், மழைத் தண்ணீர் போக வேண்டிய வழியும்தான் மனையாகி விற்கப்படுகின்றன. 2015 மழையில் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு வாய்க்காலை மூடினால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பல வருடங்கள் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ஒரு முத்திரையைக் காட்டியே வியாபாரம் நடந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். கடைசித் தேதி மட்டும் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது.

தடை நியாயமானதுதான். ஆனால் அது பிடித்தது யாரை? லாபத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போன புரமோட்டரை அல்ல. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க வந்தவரையும், வீட்டுக் கடனுக்கு வங்கி வாசலில் நின்றவரையும்தான். கட்டணம் கட்டியவரும் பெரும்பாலும் அவரேதான். கட்டிய பிறகும் தெரு அகலமாகவில்லை, பூங்கா முளைக்கவில்லை. காகிதம்தான் நேரானது.

விண்ணப்பம் போடுவது சுலபமில்லை என்பதும் உண்மை. முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிக்கு இத்தனை அலுவலகம் ஏறி இறங்கத் தெம்பு இருக்காது. கடைசியில் புரோக்கரிடம் பவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். 3000 சதுர மீட்டருக்குள் அடங்கும்படி நிலத்தைத் துண்டு போட்டுப் பொது இடத்திலிருந்து தப்பும் வழியும் திறந்தே கிடக்கிறது. அதற்காக அனுமதியே வேண்டாம் என்பது தலைவலிக்குத் தலையை வெட்டுகிற கதை.

செய்யக்கூடியவை இருக்கின்றன. அக்கம்பக்கத்துச் சிறு நிலக்காரர்கள் சேர்ந்து ஒரே வரைபடமாகக் கொடுக்க நகராட்சியே உதவலாம்; அப்போது பொது இடமும் ஒரே இடத்தில் உருப்படியாகக் கிடைக்கும். அங்கீகார எண்ணும் பூங்கா இருக்கும் இடமும் போட்ட வரைபடத்தை மனை வாசலிலேயே, தமிழில், பெரிய பலகையாக வைக்கச் சொல்லலாம். பத்திரம் பதியும் நாளில் தெரிய வருவதை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே தெரியவைக்க வேண்டும். வரன்முறைக் கட்டணத்தை, கல் நட்டு விற்றவரிடம் முதலில் வசூலிக்க வேண்டும்.

பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு ஒன்று தெரியும். பச்சை மண்ணில் கோணல் இருந்தால் கையாலேயே சரி செய்துவிடலாம். சூளையில் வெந்த பிறகு உடைக்கத்தான் முடியும். லேஅவுட்டும் அப்படித்தான். காகிதத்தில் கோடாக இருக்கும்போது திருத்துவதற்கு ஒரு அழிப்பான் போதும். வீடு வந்த பிறகு திருத்த வேண்டுமானால் யாருடைய சுவரை இடிப்பது?