முதுமை எவருக்கு?

"வயது போனால் தோல் இறுகத்தான் செய்யும்" எனக் கல்முனைக் கரையில் நாம் கூறும் ஆறுதல் வெறும் அறியாமையே. தோலிறுக்க நோய் பெரும்பாலும் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட பெண்களையே பற்றுகின்றது. மருதமுனைத் தறியில் இழை முடியும் ஒருத்தியின் விரல்கள் மாரிக் குளிரில் வெளிறிப் பின்னர் விறைத்தால், அவளா கிழவி? முதுமையுற்றவை அவள் தோலின் சில கலங்கள். மனிதக் கலம் ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் ஓய்வதை 1961இல் ஹேஃப்லிக் காட்டினார். ஓய்ந்தும் மாளாத கலங்கள் அழற்சிப் பொருள்களைச் சுரந்து, அயற்கலங்களைக் கொலாஜன் குவிக்கத் தூண்டுகின்றன என இன்றைய ஆய்வாளர் கருதுகின்றனர். அக்குவியல் தோலோடு நிற்பதில்லை. (இதனைக் குட்டமென்று கூசி ஒதுங்குவோரைப் பற்றிப் பேசவே நாணமாகின்றது.) எண்ணெய் பூசிக் காத்திருக்கச் சொல்லும் பெரியோர் விடை தரட்டும்: நுரையீரல் இறுகியபின் எண்ணெயை எங்கே பூசுவீர்கள்?